மீட்பு முடிந்த பிறகு: பேரிடரிலிருந்து ஒரு நகரம் எப்படி மீள்கிறது?

தமிழில் மீட்பு, மீட்சி என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. செய்திகளில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒருவரை இன்னொருவர் மீட்பது மீட்பு. தானே மீள்வது மீட்சி. இடிபாட்டுக்குள் சிக்கியவரைக் கயிறு கட்டித் தூக்குவது மீட்பு. ஆறு மாதம் கழித்து அதே மனிதர், அடையாள அட்டை முதல் வீட்டுப் பத்திரம் வரை எல்லாம் மண்ணோடு போன நிலையில், ஓர் அலுவலக வரிசையில் நின்று தான் யார் என்று நிரூபித்துக்கொண்டிருப்பது மீட்சி. முதலாவதைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவார்கள். இரண்டாவதைக் காட்ட யாரும் வருவதில்லை.

நிலநடுக்கமோ வெள்ளமோ பெருந்தீயோ ஒரு பெரிய நகரத்தை முறித்துப் போட்ட பிறகு, அது மறுபடியும் மக்கள் பிழைக்கும் இடமாக ஆகும் வரை கழிவதுதான் மீட்சிக் காலம். அதை நிர்வகிப்பது என்றால் என்ன, அதில் எது கடினம், அடிபட்ட நகரங்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தன என்று இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

பத்து மடங்குக் கணக்கு

அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 1906இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்த சான் பிரான்சிஸ்கோ, 1972இல் நிலநடுக்கத்தில் குலைந்த நிகரகுவா நாட்டுத் தலைநகர் மனாகுவா உள்ளிட்ட நான்கு நகரங்களை ஆராய்ந்து 1977இல் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். முதலில் அவசர காலம்: தேடுதல், சிகிச்சை, சோறு, தண்ணீர். அடுத்தது சீரமைப்பு: மின்சாரம், குழாய், சாலை திரும்புவது. அதன் பிறகு மறுகட்டுமானம். ஒவ்வொரு கட்டமும் அதற்கு முந்தையதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு நீளும் என்றார்கள். அவசர காலம் ஒரு வாரம் என்றால் சீரமைப்பு பத்து வாரம். மறுகட்டுமானம் நூறு வாரம், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அவசர காலமே ஒரு மாதம் இழுத்தால் மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் நிறைய விமர்சித்தார்கள், நியாயமாகவே. உண்மையான நகரத்தில் கட்டங்கள் வரிசையில் வருவதில்லை. ஒரு தெருவில் புது வீட்டுக்குக் கதவு மாட்டும்போது, அடுத்த தெருவில் இன்னும் பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் சமைத்துக்கொண்டிருப்பார்கள். காப்பீடு வைத்திருந்தவர் மூன்றாம் கட்டத்துக்குத் தாவிவிடுவார். வாடகைக்குக் குடியிருந்தவர் முதல் கட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவார். இருந்தாலும் அந்தப் பத்து மடங்கு விதியை மனத்தில் வைத்திருப்பது நல்லது என்பேன். "ஆறு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்" என்று மேடையில் யாராவது சொன்னால் எவ்வளவு நம்பலாம் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். 1995 ஜனவரி 17 அதிகாலையில் நிலநடுக்கம் கண்ட ஜப்பானின் கோபே நகரத்தில் மக்கள்தொகை பழைய எண்ணிக்கையைத் தொட 2004 ஆகிவிட்டது.

காலம் இறுகிப்போகும்போது

இந்தத் துறையில் ஒரே ஒரு கருத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், காலச் சுருக்கம் என்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒரு நகரம் நூறு, இருநூறு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு கடை, ஒரு கழிவுநீர்க் குழாய் என்று ஆள் ஆளுக்கு அவரவர் வேகத்தில் கட்டினார்கள். பேரிடர் அதை ஒரே நாளில் இடித்துப்போடுகிறது. இப்போது எல்லாரும், எல்லாவற்றையும், ஒரே நேரத்தில், சில ஆண்டுகளுக்குள் கட்ட வேண்டியிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், எல்லாமே ஒரே அளவுக்குச் சுருங்குவதில்லை. கூடுதல் ஆள் போட்டால் சுவர் வேகமாக எழும். ஆனால் ஒரு மனை யாருடையது என்று தீர்ப்பது அந்த வேகத்துக்கு வராது. ஓர் ஆற்றங்கரையில் இனி வீடு கட்டலாமா என்று முடிவெடுக்க மண்ணைச் சோதிக்க வேண்டும். மண் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தாரிடையே நம்பிக்கை உருவாவதை எந்த ஒப்பந்தக்காரரும் விரைவுபடுத்த முடியாது. ஆகவே பணம் முன்னால் ஓடுகிறது, தகவல் பின்னால் வருகிறது, முடிவு அதற்கும் பின்னால் மூச்சிரைக்க வருகிறது. மீட்சி நிர்வாகம் என்ற பெயரில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியைச் சமாளிக்கும் வேலைகள்தான். அவசரப்பட்டால் தவறான இடத்தில் உறுதியான கட்டடம் எழுந்துவிடும். தாமதித்தால் மக்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

கதவில் ஒட்டிய தாள்

கட்டடம் ஆடி நின்ற சில நாட்களுக்குள் பொறியாளர்கள் குழுவாக வந்து ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் ஒரு வண்ணத் தாளை ஒட்டிவிட்டுப் போவார்கள். பச்சை என்றால் நுழையலாம், மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு, சிவப்பு என்றால் கூடாது. பல நாடுகளில் இதுதான் நடைமுறை. ஒரு வீட்டுக்குச் சில நிமிடங்கள்தான் செலவிடுவார்கள். பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தே முடிவு செய்வார்கள். வேறு வழியில்லை, ஆயிரக்கணக்கான கட்டடங்கள் காத்திருக்கின்றன.

அந்தத் தாளை வீட்டுக்காரர் எப்படிப் படிக்கிறார் என்பதில்தான் ஆபத்து. "பச்சை ஒட்டிவிட்டார்கள், வீடு நன்றாக இருக்கிறது" என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அந்தத் தாள் சொல்வது "மேலோட்டமாகப் பார்த்தவரை உடனடி ஆபத்து தெரியவில்லை" என்பதுதான். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் 2010 செப்டம்பரில் ஒரு நிலநடுக்கம் வந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் இயங்கிவந்த பல மாடிக் கட்டடத்துக்குப் பச்சைத் தாள் கிடைத்தது. 2011 பிப்ரவரி 22 அன்று வந்த அடுத்த நிலநடுக்கத்தில் அது முழுதாகச் சரிந்தது. நகரத்தில் அன்று இறந்த 185 பேரில் 115 பேர் அந்த ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். அவசர காலத்துத் தாள் ஒன்று மீட்சிக் காலத்திலும் சான்றிதழ்போலத் தொங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

இடிபாடு அகற்றுவது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் லாரி வேலையாகத் தோன்றும். 2010இல் ஹைட்டியின் தலைநகரமும் சுற்றுப்பகுதிகளும் குலைந்தபோது சேர்ந்த இடிபாடு சுமார் 1 கோடி கன மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். அதைக் கொட்ட இடம் வேண்டும், கொண்டுபோகச் சாலை வேண்டும், அந்தச் சாலையும் இடிபாட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. குவியலுக்குள் செங்கல்லும் கம்பியும் மட்டுமா இருக்கின்றன? எரிவாயு உருளை, பூச்சிமருந்து, பழைய கூரைகளிலிருந்து உதிரும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி எல்லாம் கலந்திருக்கும். கோபேயில் இடிபாடு அகற்றிய சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து, கல்நாரால் வரும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2001 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கில் இடிபாட்டுத் தூசிக்குள் வேலை செய்தவர்களுக்கும் நுரையீரல் நோய்கள் வந்தன. முகக்கவசம் கட்டாயம் என்று முதல் நாளிலேயே விதி போடுவதற்குப் பெரிய செலவில்லை.

குவியலுக்குள் இன்னொன்றும் கிடக்கும். 2011இல் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி அடித்துப்போன பிறகு, சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் புகைப்படங்களைத் தன்னார்வலர்கள் தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப் போட்டு உலர்த்தி, கூடங்களில் அடுக்கிவைத்தார்கள். உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொண்டார்கள். இதை எந்த மீட்சித் திட்டத்தின் வரவுசெலவிலும் முதல் பக்கத்தில் பார்க்க முடியாது. ஆனால் வீடு போனவர் கேட்பது பல நேரம் இதைத்தான்.

தற்காலிக வீடு என்னும் பொறி

கோபேக்கு மறுபடி வருகிறேன். இந்தத் துறையில் எவரும் சுற்றிச்சுற்றி அங்கேதான் வர வேண்டியிருக்கிறது.

அந்த நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் முற்றாக இடிந்தன. அரசு சும்மா இருக்கவில்லை. சுமார் ஏழு மாதத்துக்குள் 48,300 தற்காலிக வீடுகளை எழுப்பிவிட்டது. எந்த நாட்டையும் வியக்கவைக்கும் வேகம். நகரத்துக்குள் காலி மனை குறைவாக இருந்ததால் புறநகரிலும் கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவுகளிலும் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. யாருக்கு முதலில் கொடுப்பது? முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு முன்னுரிமை. அதற்குள் குலுக்கல் முறை. இதைவிட நியாயமான ஏற்பாட்டை யோசிப்பது கடினம்.

அந்த நியாயமே வினையாக முடிந்தது. குலுக்கலில் பெயர் வந்த ஒவ்வொருவரும் வெவ்வேறு தெருவிலிருந்து வந்தவர்கள். நாற்பது ஆண்டுகள் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிப் பழகிய மூதாட்டிக்கு இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாரென்று தெரியாது. அவருக்கும் வயது எண்பது. காலையில் கதவு திறக்கவில்லையே என்று கவனிக்க ஆள் இல்லை. மருத்துவரிடம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தக் குடியிருப்புகளில் தனிமையில் இறந்து, நாட்கள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஐந்து ஆண்டுகளில் இருநூறுக்கும் மேல். ஜப்பானியர்கள் இதற்கு "கொதோகுஷி" என்கிறார்கள், தனிமைச் சாவு. கடைசித் தற்காலிக வீடு காலியானது 2000ஆம் ஆண்டு ஜனவரியில். அங்கிருந்து நிரந்தர அடுக்குமாடிக்குப் போனபோதும் பலரை மறுபடி பிரித்துத்தான் வைத்தார்கள்.

2004இல் ஜப்பானின் நீகாத்தா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது அதிகாரிகளுக்கு இந்த நினைவு இருந்தது. யமகோஷி என்ற மலையூரின் மக்களைக் குக்கிராமம் குக்கிராமமாகப் பழைய அண்டை வீட்டார் சேர்ந்திருக்கும்படி தற்காலிகக் குடியிருப்பில் அமர்த்தினார்கள். கூடுதலாக ஒரு பலகை கூடச் செலவாகவில்லை. பட்டியலை வேறு விதமாக வரிசைப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

தற்காலிகம் என்ற சொல்லையே நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு என்று போட்ட கூடாரம் மூன்று ஆண்டு நிற்கும். அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே பஸ் வருமா, பள்ளி எவ்வளவு தூரம், பழைய வேலைக்குப் போய்வர முடியுமா என்று கேட்டுவிட வேண்டும். முடிந்தவரை பழைய தெருவுக்குப் பக்கத்தில், சிறியதாக இருந்தாலும், அமைத்துக் கொடுப்பது நல்லது. தொலைவில் பெரிய வீட்டைவிட, பழகிய முகங்கள் நடுவே சின்ன அறை மேல்.

வரைபடம் எப்போது வர வேண்டும்?

ஊர் தரைமட்டமானதும் வரைபடக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். 1666 செப்டம்பரில் லண்டன் எரிந்து சுமார் 13,200 வீடுகள் சாம்பலாயின. தீ அணைந்த சில நாட்களிலேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அகன்ற நேர்வீதிகளோடு ஓர் அழகான திட்டத்தை அரசரிடம் நீட்டிவிட்டார். வேறு சிலரும் நீட்டினார்கள். எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு மனையையும் வாங்கிச் சேர்த்து மறுபடி பங்கிடப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. மக்கள் தங்கள் பழைய மனையில் முளை அடித்துக் கட்ட வந்துவிட்டார்கள். நடந்தது சிறியது: சில தெருக்களை அகலப்படுத்தினார்கள், மரத்துக்குப் பதில் செங்கல் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சின்ன மாற்றம் நிலைத்தது.

அதே காலத்தில் லண்டனில் நடந்த இன்னொன்றைத்தான் நான் உண்மையான சாதனை என்பேன். 1667இல் தீ வழக்குகளுக்கென்றே ஒரு தனி நீதிமன்றம் அமைத்தார்கள். எரிந்த வீட்டைக் கட்ட வேண்டியது உரிமையாளரா, குத்தகைக்காரரா? இல்லாத வீட்டுக்கு வாடகை உண்டா? வழக்கமான நீதிமன்றத்தில் பத்து ஆண்டு ஆகும் கேள்விகள். இந்த நீதிபதிகள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, யாரால் கட்ட முடியுமோ அவருக்குக் குத்தகையை நீட்டியும் வாடகையைக் குறைத்தும் தீர்த்து அனுப்பினார்கள். ஊதியம் வாங்கவில்லை. நன்றியாக நகரம் அந்த நீதிபதிகளின் உருவப்படங்களை வரையச் செய்து நகர மன்றத்தில் மாட்டியது. நிறைவேறாமல் போன ரென் திட்டம் இன்றும் புகழோடு இருக்கிறது; ஊரைக் கட்ட வழி திறந்த நீதிமன்றத்தை வெகு சிலருக்கே தெரியும்.

திட்டம் சீக்கிரம் வந்தாலும் தொல்லை என்பதைக் கோபே காட்டியது. நிலநடுக்கம் நடந்து சரியாக இரண்டு மாதத்தில், மக்கள் இன்னும் பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்தபோது, சாலை, பூங்கா எல்லாம் குறித்த மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்தார்கள். தங்கள் வீட்டின் மேல் கோடு போட்டிருப்பதைப் பார்த்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிறகு நிர்வாகம் இறங்கிவந்தது: பெரிய சாலைகளின் வழித்தடத்தை மட்டும் முதலில் முடிவு செய்வோம், உட்தெருக்களை அந்தந்தப் பகுதி மக்கள் சபை கூடிப் பேசி முடிவு செய்யட்டும் என்று. இரண்டு படியாகத் திட்டமிடும் இந்த முறை பலித்த இடங்களைப் பார்த்தால், பேரிடருக்கு முன்பே சபை கூடிப் பழகிய பகுதிகள் முன்னால் நிற்கின்றன. மானோ என்ற ஒரு பகுதி அப்படிப்பட்டது. நிலநடுக்க நாளில் தீ பரவியபோதே அங்கிருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி வாளித் தண்ணீர் கொண்டு அதைத் தடுத்தவர்கள்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் இன்னும் மோசமாகச் சறுக்கியது. 2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயலின்போது வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் நீரில் மூழ்கியது. 2006 ஜனவரியில் ஒரு குழு தன் பரிந்துரையை வெளியிட்டது. தாழ்வான சில பகுதிகளைப் பூங்காவாக்கலாம் என்ற யோசனையை அங்குள்ள நாளிதழ் வரைபடமாகப் போட்டபோது, அந்த இடங்களில் பெரிய பச்சை வட்டங்கள் இருந்தன. வெளியூர்களில் அகதியாகச் சிதறிக் கிடந்தவர்கள், தங்கள் தெரு ஒரு பச்சை வட்டத்துக்குள் காணாமல் போயிருப்பதைச் செய்தியில்தான் தெரிந்துகொண்டார்கள். நீரியல் பார்வையில் அந்த யோசனை முட்டாள்தனமானது என்று சொல்ல மாட்டேன். தாழ்ந்த நிலத்தில் வெள்ளம் மறுபடி வரும் என்பது உண்மை. ஆனால் வேறு எங்கே போவது, யார் விலை கொடுப்பது என்று ஒரு வரி கூட இல்லாமல் "இங்கே வராதே" என்று மட்டும் சொன்னால் எந்த மனிதர் கேட்பார்? வட்டத்துக்குள் சிக்கிய பிராட்மூர் பகுதி மக்கள் தாங்களே கணக்கெடுத்து, தாங்களே திட்டம் எழுதி ஊரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதிகளில் கட்டட அனுமதியை நிறுத்திவைக்கலாம் என்ற குழுவின் யோசனையை மேயரும் ஏற்கவில்லை. நம்பிக்கை மட்டும் போயே போய்விட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க கிறைஸ்ட்சர்ச்: அங்கே அரசு சேதமடைந்த நிலத்தைச் "சிவப்பு மண்டலம்" என்று அறிவித்தபோது கூடவே வாங்கிக்கொள்ளும் விலையையும் சொன்னது. சுமார் 8,000 வீடுகள். விலை போதாது என்ற சண்டைகளும் காப்பீடு இல்லாதவர்களின் வழக்குகளும் அங்கும் உண்டு. ஆனால் கையில் ஒரு தொகையும் ஒரு தேதியும் இருந்ததால் குடும்பங்கள் முடிவெடுக்க முடிந்தது.

பணம் யார் கைக்குப் போகிறது

வீடு கட்டும் உதவித்தொகையை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பது அலுப்பூட்டும் சூத்திரம்போலத் தெரியும். ஊரின் தலையெழுத்தே அதில் இருக்கும். நியூ ஆர்லியன்ஸ் உள்ள லூசியானா மாநிலத்தில் உதவித்தொகைக்கு ஒரு விதி வைத்தார்கள்: புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதுவே அடிப்படை. கேட்க நியாயமாக இருக்கிறது. இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு, ஒரே சேதம், செங்கல் விலையும் கூலியும் ஒன்றே. ஒன்று வசதியானவர்கள் வாழும் பகுதியில், சந்தை விலை அதிகம். மற்றொன்று கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதியில், சந்தை விலை குறைவு. முதலாமவருக்குக் கட்டுமானச் செலவு முழுதாகக் கிடைக்கும். இரண்டாமவருக்குப் பாதிச் சுவர் வரைதான் கிடைக்கும். வழக்குத் தொடுத்து, 2011இல் சமரசம் ஆனது. அதற்குள் ஆறு ஆண்டுகள் போய்விட்டன. திரும்பாதவர்கள் வேறு ஊரில் வேர் விட்டிருந்தார்கள். 2000இல் சுமார் 4.85 லட்சமாக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 2010இல் சுமார் 3.44 லட்சம்.

வாடகைக்குக் குடியிருப்பவர் இன்னும் பின்னால் நிற்கிறார். இழப்பீட்டு விண்ணப்பத்தில் "சொத்தின் உரிமையாளர்" என்ற கட்டம் இருக்கும். அவருக்கென்று கட்டமே இருக்காது. இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு மெக்சிகோ நகரம். 1985 செப்டம்பர் நிலநடுக்கத்தில் நகர மையத்துப் பழைய வாடகைக் குடியிருப்புகள் இடிந்தன. குடித்தனக்காரர்கள் தெருவிலிருந்து அகல மறுத்தார்கள். அமைப்பாகத் திரண்டு ஊர்வலம் போனார்கள். அரசு சில வாரங்களில் ஆயிரக்கணக்கான மனைகளைக் கையகப்படுத்தி, இரண்டு ஆண்டுக்குள் 48,000 வீடுகள் அளவுக்கு அதே இடத்திலேயே கட்டியும் புதுப்பித்தும், குடியிருந்தவர்களுக்கே எளிய கடனில் சொந்தமாக்கியது. வேகமும் நியாயமும் சேர்ந்துவந்த அபூர்வ உதாரணம். மக்கள் அழுத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது.

குஜராத்தில் 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக ஒப்படைக்காமல் வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளப் பணத்தைத் தவணையாகக் கொடுக்கும் முறை பெரிய அளவில் நடந்தது. அடித்தளம் சரியாக இருக்கிறதா என்று பொறியாளர் பார்த்த பிறகு அடுத்த தவணை, கூரை மட்டத்தில் மறுபடி பரிசோதனை. கணக்குக்கு மட்டுமல்ல, நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்துக்கும் அந்தத் தவணையே கடிவாளமாக இருந்தது. நெருக்கமான சந்துகள் மரணப் பொறிகளாக மாறியிருந்த பூஜ் நகரத்தில் தெருவை அகலப்படுத்த ஒவ்வொரு மனையிலிருந்தும் ஒரு பங்கு எடுத்தார்கள். பெரிய மனையிலிருந்து அதிக விகிதம், மிகச் சிறிய மனையைத் தொடவில்லை.

கப்பல் வராத துறைமுகம்

வீடு திரும்பினால் ஊர் திரும்பிவிடும் என்று நினைக்கிறோம். பிழைப்பு திரும்ப வேண்டும். நிலநடுக்கத்துக்கு முன்பு கோபே உலகின் ஆறாவது பெரிய சரக்குப்பெட்டகத் துறைமுகம். இரண்டே ஆண்டில், 1997 வசந்த காலத்துக்குள், ஒவ்வொரு தளத்தையும் புதிதாகக் கட்டி முடித்துவிட்டார்கள். பொறியியல் கணக்கில் முழு வெற்றி. ஆனால் அந்த இரண்டு ஆண்டில் கப்பல்கள் தென்கொரியாவின் பூசானுக்கும் பிற ஆசியத் துறைமுகங்களுக்கும் போய்ப் பழகிவிட்டன. வழி மாறிய வாடிக்கையாளரைப் பழுதுபார்த்த கிரேன் திருப்பிக் கூப்பிடுவதில்லை. பழைய இடத்தைக் கோபே பிறகு பிடிக்கவேயில்லை.

கிறைஸ்ட்சர்ச்சில் நகர மையத்தைச் சுற்றிப் போட்ட பாதுகாப்பு வேலி முழுதாக நீங்க 2013 ஜூன் ஆகிவிட்டது; இரண்டேகால் ஆண்டுக்கும் மேல். வேலிக்குள் கடை மாட்டிக்கொண்டவர்கள் கணக்குப் புத்தகத்தைக் கூட எடுக்க முடியாமல் தவித்தார்கள். அதற்கு நடுவே, 2011 அக்டோபரில், கப்பல் சரக்குப்பெட்டிகளுக்கு வண்ணம் அடித்து ஒரு கடைத்தெருவை மையத்தின் ஓரத்தில் திறந்தார்கள். அழகுக்காக அல்ல. "மையம் இன்னும் சாகவில்லை" என்று வாங்குபவர் கால்களுக்கு நினைவூட்டுவதற்காக. சிறு வணிகர் ஒருவரைக் கேட்டால், மூன்றாம் ஆண்டில் வரும் பெரிய கடனைவிட மூன்றாம் மாதத்தில் கிடைக்கும் ஒரு தகரக் கூடாரக் கடைக்குத்தான் கை தூக்குவார்.

மனம் பற்றி நீட்டி எழுதவில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும்: முதல் வாரங்களில் எல்லாரும் எல்லாருக்கும் உதவும் ஒரு பெருந்தன்மை பொங்கும். நிர்வாகிகள் அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. உதவிகள் குறைந்து விண்ணப்பங்கள் திரும்பிவரத் தொடங்கும் மாதங்களில்தான் மனம் உடையும். ஆற்றுப்படுத்த வந்த குழுக்கள் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள்.

யார் தலைமை, எப்போது வரை?

வழக்கமான மாநகராட்சி குப்பை அள்ளவும் வரி வாங்கவும் பழகியது. நூறாண்டு வேலையை ஐந்தாண்டில் செய்ய அதற்கு ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை. அதனால் பல நாடுகள் மீட்சிக்கென்று தனி அமைப்பை உருவாக்குகின்றன. குஜராத் சில வாரங்களிலேயே ஒன்றை அமைத்தது. ஜப்பான் 2012இல் மறுகட்டுமானத்துக்கென்று தனி முகமை கண்டது. கிறைஸ்ட்சர்ச்சுக்கு 2011இல் ஐந்தாண்டு ஆயுளோடு ஓர் ஆணையம் வந்து 2016இல் கலைந்தது. ஆயுள் தேதி எழுதியிருப்பது நல்ல பழக்கம். ஆனால் அசாதாரண அதிகாரம் உள்ளூர்க்காரரின் குரலை நசுக்கவும் செய்யும். அதே நகரத்தின் மாநகராட்சி ஆறு வாரத்தில் மக்களிடமிருந்து 1,06,000 யோசனைகளைத் திரட்டியிருந்தது. அதன் பிறகு நடுவண் அரசு ஒரு தனிப் பிரிவை அமைத்து நூறே நாளில் மையத்துக்கு வேறொரு வரைபடம் தயாரித்தது. மக்கள் சொன்னதில் சில உள்ளே வந்தன. சொன்னவர்களோ, தங்களைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியதாகத்தான் உணர்ந்தார்கள்.

மிதமிஞ்சிச் செய்வதும் நடக்கும். 2011 சுனாமியில் அழிந்த ஜப்பானின் ரிக்குசென்தகத்தா நகரத்தில் ஒரு மலையை வெட்டி, மண்ணை ராட்சத நகர்பட்டையில் (கன்வேயர்) ஆற்றைத் தாண்டி அனுப்பி, நகர மையம் முழுவதையும் பல மீட்டர் உயர்த்தினார்கள். கண்கொள்ளாக் காட்சி. மேடை தயாராக ஆண்டுகள் ஆயின. காத்திருந்தவர்களில் பலர் வேறு ஊரில் வீடு கட்டிக்கொண்டார்கள். உயர்ந்த அந்த மண்ணில் ஏராளமான மனைகள் புல் முளைத்துக் கிடக்கின்றன.

கிறைஸ்ட்சர்ச்சின் சிவப்பு மண்டலத்திலும் இப்போது புல்தான். வீடுகளை எடுத்துவிட்டார்கள், ஏவன் ஆற்றின் ஓரமாகத் தெருக்கள் மட்டும் எங்கும் போகாமல் வளைந்து கிடக்கின்றன. வேலிகள் இல்லை, ஆனால் தோட்டத்து மரங்களை விட்டுவைத்தார்கள். யாரோ ஒருவர் தன் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நட்ட ஆப்பிள் மரம் இன்றும் பருவம் தவறாமல் காய்க்கிறது. நடந்து போகிறவர்கள் பையோடு வந்து பறித்துக்கொண்டு போகிறார்கள்.